கேம் அவனுக்கு, மிஷின் பாப்பாவுக்கு

இன்று காலை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். விழுப்புரத்தில் நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே இப்போது ஒரு லேப் இருக்கிறது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்த வாடை வந்தால் ஊரில் எல்லோருக்கும் ஊசி ஞாபகம் வரும். எனக்கு வீடியோ கேம் கேசட்டு ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். "இன்னா சார், கண்ணு கலங்குது? இன்னும் நான் குத்தவே இல்லியே" என்றாள் அந்தப் பெண். பட்டினி வயிறு, தலை சுற்றுகிறது என்று ஏதோ சொல்லி வைத்தேன். வந்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை. உரம் வாங்க வருகிறவர்கள் நாளைக்கு வாங்கிக்கொள்ளட்டும். உன்னிடம் பேசியாக வேண்டும் போலிருக்கிறது. பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

ஸ்பிரிட் வாடையை எனக்குப் பழக்கிவிட்டவன் நீதான். உன் அம்மா நர்ஸ் என்பதால் உங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் எப்போதும் இருக்கும். தொண்ணூற்று மூன்றில் நாம் ஏழாவது படித்தபோது சிங்கப்பூரிலிருந்து உன் சித்தப்பா டிவியில் மாட்டி ஆடுகிற கேம் ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட்டு. அதன் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சடித்திருந்தது. ஆடிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. "சிங்கப்பூர்க்காரன் கூட ஏமாத்துவான்டா" என்று நீ கண்டுபிடித்த நாளில் நமக்கு உலகம் கொஞ்சம் புரிந்தது.

கேசட்டு சரியாக உட்காராவிட்டால் திரையில் பூச்சி பறக்கும். உடனே கேசட்டை உருவி வாயில் வைத்து ஊதுவது அந்தக் காலத்து வழக்கம். நானும் ஊதப் போனேன். நீ கையைத் தட்டிவிட்டாய். "ஊதாதடா, எச்சி படும். உள்ள இருக்கற பித்தளை பச்சை புடிச்சிக்கும்." அப்புறம் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, குழந்தைக்குக் காது துடைப்பது போல அந்தப் பித்தளைப் பற்களைத் துடைத்துக் கொடுத்தாய். கேசட்டு விஷயத்தில் நீ ஒரு கிழவி. தரையில் வைக்க விடமாட்டாய், வெயிலில் காட்ட விடமாட்டாய். ஆனால் எவன் வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவாய். அதுதான் உன்னிடம் எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது. "இவ்ளோ பாத்துப் பாத்து வெச்சிக்கினு அவனுக்கு ஏன்டா குடுத்த?" என்று ஒரு நாள் சண்டை போட்டேன். "குடுக்கறதுக்குத்தான்டா பாத்து வெச்சிக்கறது" என்றாய்.

பத்தாவது முடித்ததும் உன் அம்மாவுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. நீ போய்விட்டாய். ஒரு மணி நேர பஸ்தான். ஆனால் அந்த வயதில் நினைத்தவுடன் பஸ் ஏற யார் விடுகிறார்கள்? உன் சித்தப்பா அடுத்த முறை கையில் பிடித்து ஆடும் கேம் ஒன்றைக் கொண்டுவந்தார், அதற்கடுத்த முறை அதைவிடப் புதிது ஒன்று. பழையதை எனக்குக் கொடுத்துவிட்டாய். இரண்டுக்கும் ஒரே கேசட்டு பொருந்தும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட்டு. ஆட்டத்தை எங்கே விட்டோமோ அந்த இடத்தை மிஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, கேசட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும். உள்ளே அதற்கென்று ஒரு பொட்டு பேட்டரி. ஆட்டத்தைப் பதிய அதில் இரண்டு வரி இருக்கும்; மேல் வரி உனக்கு, கீழ் வரி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நீ திண்டிவனத்தில் விட்ட இடத்தை நான் விழுப்புரத்தில் திறந்து பார்ப்பேன்.

கேசட்டு எப்படிப் போய் வந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். நம்மூரில் மாத்திரை, சாவி, கண்ணாடி, தைக்கக் கொடுத்த ரவிக்கை எல்லாமே பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறவைதானே. நமக்கு வாய்த்தவர் துரை அண்ணன். மாம்பழப்பட்டு ரோட்டுப் பக்கம் வீடு, விழுப்புரம் - திண்டிவனம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் கேசட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி அவரிடம் நீட்டுவேன். தோல் பையில் டிக்கெட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். நான் எஸ்டிடி பூத்திலிருந்து உனக்குப் போன் செய்து பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்வேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு எல்லாம் தாண்டி அது உன் கைக்கு வந்துவிடும். "ஏம்பா, இது இன்னா உசுரு காக்கற மருந்தா? எறங்கறதுக்குள்ள பறிச்சிக்கினு ஓடறான் உன் கூட்டாளி" என்பார் துரை அண்ணன். ஒரு முறை அவருடைய புளிசோற்று எண்ணெய் பட்டு கேசட்டே பிசுபிசுத்து வந்தது. நீ ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாய்.

நமக்குள் ஒரு சட்டம் இருந்தது. கடைசிக் கட்டத்தைத் தனியாக முடிக்கக் கூடாது. யார் முதலில் அந்தக் கதவு வரைக்கும் போனாலும் அங்கே நிறுத்தி, கேசட்டை மற்றவனுக்கு அனுப்ப வேண்டும். அவனும் தன் வரியில் அந்தக் கதவுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ சர்ச்சில் பூசை முடித்து பஸ் ஏறி வருவாய் அல்லது நான் வருவேன். ஆளுக்கு ஒரு உயிர் என்று மாற்றி மாற்றி ஆடி முடிப்போம். "தனியா முடிச்சவன் நாசமா போவான்" என்று நீ சபித்தே வைத்திருந்தாய். கல்லூரி, வேலை, கல்யாணம் என்று ஆன பிறகும் அந்தச் சட்டத்தை நாம் மீறவில்லை. நான் விழுப்புரத்தில் அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்தேன். நீ திண்டிவனத்தில் இன்வர்ட்டர் கடையில் சேர்ந்தாய். தாடி நரைக்கத் தொடங்கிய துரை அண்ணன், "கொயந்த குட்டி பொறந்தும் இன்னும் பொம்மை அனுப்பிக்கினு கீறீங்களே, பேஜாரு புடிச்சவனுங்களா" என்று திட்டிக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அந்த மிஷினை வாங்கினாய். ஊரெல்லாம் கரண்ட் கட்டில் வெந்துகொண்டிருந்த காலம் அது. உன் கடையில் மட்டும் கூட்டம் அலைமோதியது. கையில் நாலு காசு சேர்ந்ததும் சித்தப்பா மகனிடம் சொல்லி சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தாய். பெட்டியைப் பிரித்த கையோடு எனக்குப் போன் செய்தாய்.

"மச்சான், கேசட்டு போடற எடத்தையே காணோம்டா."

"பின்னாடி பாரு."

"பாத்துட்டேன். மேல, கீழ, பக்கவாட்டுல எல்லாம் பாத்துட்டேன். சார்ஜர் ஓட்டைதான் கீது."

"உன்ன நல்லா ஏமாத்திட்டான் உன் தம்பி."

வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏதோ பழுதான மிஷினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம். அதன் லட்சணமே அப்படித்தான் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. கேசட்டு கிடையாது, தட்டு கிடையாது. கேமை நெட்டில் வாங்கி அப்படியே உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டுமாம். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த முருகன்தான் உனக்கு ஈமெயில், கணக்கு எல்லாம் திறந்து கொடுத்தான். நீ கடை இன்வர்ட்டரில் மோடத்தை மாட்டி, ஒரு கேமை இறக்க நாட்கணக்கில் காவல் காத்தாய். முக்கால்வாசி வந்து நின்றுவிடும், முதலிலிருந்து ஆரம்பிப்பாய். இறங்கி முடித்த அன்று உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எப்ப அனுப்புவ?"

"அத அனுப்ப முடியாதுடா. நீயும் ஒண்ணு வாங்கிடு."

"வாங்கினா?"

"வாங்கினா நீயும் தனியா ஒரு கேம் வாங்கணும்."

"அப்போ உன்னுது உனக்கு, என்னுது எனக்கா?"

"அப்டித்தான்டா இனிமே."

எனக்குச் சுருக்கென்றது. நீ சமாதானம் சொன்னாய். கேசட்டு தேயும், தொலையும், பூஞ்சை பிடிக்கும். இது தொலையவே தொலையாது, இங்கே அழிந்தாலும் மேலே கம்பெனியிடம் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்றாய். கெட்டிக்காரத்தனமான பேச்சுதான். "பத்தரமா இருந்து இன்னாடா பிரயோஜனம், குடுக்கறதுக்கு இல்லன்னா?" என்று கேட்டேன். உன் பேச்சையே உன்னிடம் திருப்பிக் கொடுத்தேன். நீ சிரித்து மழுப்பினாய். ஆனால் உனக்கும் அது குத்தியிருக்கிறது. உன் மனைவி ஸ்டெல்லா பிறகு சொன்னாள், அன்று ராத்திரி நீ சரியாகச் சாப்பிடவில்லையாம். துரை அண்ணனும் ஒரு நாள் என் கடைக்கே வந்து, "இன்னாபா, ரெண்டு பேத்துக்கும் சண்டையா? பார்சலையே காணோம்" என்று விசாரித்தார். சண்டை இல்லை அண்ணா, அனுப்ப ஒன்றும் இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. வருத்தத்தோடு யூரியா விலையைக் கேட்டுவிட்டுப் போனார்.

உன் சிறுநீரகம் கெட்டது அதற்குப் பிறகுதான். கால் வீங்குகிறது, நின்று நின்று வியாபாரம் செய்வதால் இருக்கும் என்றாய். உன் அம்மா பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், டயாலிசிஸ். ஒரு நாள் நான் துணைக்கு வந்தேன். பெரிய ஹால். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரைகிற ஒரு மிஷின். உன் இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். நீ கூரையைப் பார்க்கிற ஆளா?

தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் கேமை எடுத்தாய். வலது கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"இன்னாடா பாக்கற? ஒக்காரு. எடது பக்கம் புடி."

முதலில் எனக்கு விளங்கவில்லை. இடது பக்கத்துப் பட்டன்கள் நடப்பதற்கு. வலது பக்கத்துப் பட்டன்கள் அடிப்பதற்கு, குதிப்பதற்கு, கதவு திறப்பதற்கு. உனக்கு ஒரு கைதான் இருந்தது. கட்டில் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து, என் இடது கையால் மிஷினின் இடது பாதியைப் பிடித்தேன். நான் நடந்தேன், நீ அடித்தாய். முதல் நாள் கேவலம். நான் பள்ளத்தில் கொண்டுபோய் விடுவேன், நீ குதிக்கிற பட்டனை நேரம் தவறி அமுக்குவாய். "ஜல்தியா போடா, எருமை மாடு கணக்கா நடக்கற!" என்று நீ கத்த, நர்ஸ் வந்து அதட்டினாள். போகப் போகப் பேச்சே தேவைப்படவில்லை. எங்கே நிறுத்தினால் உனக்கு வசதி என்று என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. நான் எங்கே தயங்குவேன் என்று உன் விரலுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர், கண்டாச்சிபுரத்து விவசாயி ஒருவர், "தம்பிங்க ரெண்டும் ஒரே ஒடம்பாட்டம் ஆடுதுங்கப்பா" என்றார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, முடிந்த நாளெல்லாம் பாண்டிச்சேரிக்கு வந்தேன். சந்தோஷமாக வந்தேன் என்று சொன்னால் அது தப்பாகக் கேட்கும். ஆனால் நிஜம் அதுதான்.

ஒரு நாள் பாதி ஆட்டத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னாய். "கேசட்டா இருந்திருந்தா உன்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா படுத்துக்குவேன்டா. இது இன்னா எழவு, உள்ளயே பூட்டிக்கினு கீது." மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான், "சும்மா கெட, வெளையாடு" என்றேன்.

அந்தக் கேமின் கடைசிக் கதவு வரைக்கும் வந்துவிட்டோம். அதற்குப் பின்னால் ஒரு ராட்சசன் இருக்கிறான் என்று நமக்குத் தெரியும். டயாலிசிஸ் முடிகிற நேரம், உனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. "அடுத்த வாட்டி முடிச்சிடலாம்" என்று அங்கேயே பதிந்து நிறுத்தினாய். அடுத்த முறைக்கு முன்னால் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. திண்டிவனத்தில் வண்டி ஏற்றி பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குப் போன் வந்தபோது கடையில் ஒருவருக்கு மல்லாட்டை விதை எடை போட்டுக்கொண்டிருந்தேன். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேனாம். என் மனைவிதான் சொல்கிறாள், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, உன் பொருட்களை ஸ்டெல்லா ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தாள். கைக்கடிகாரம் உன் தம்பிக்கு, சைக்கிள் மச்சானுக்கு. எனக்கு அந்த மிஷினைக் கொண்டுவந்தாள். பின்னாலேயே உன் மகள் ஜெனி. எட்டு வயதுப் பிள்ளை, மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றது.

"வண்டில போவும்போது சொன்னாருங்கண்ணா," என்றாள் ஸ்டெல்லா. "கேம் அவனுக்கு, மிஷின் பாப்பாவுக்குன்னாரு. ரெண்டு வாட்டி சொன்னாரு. அதுக்கப்பறம் பேசல. நீங்க உங்க கேமை எடுத்துக்கினு மிஷினைப் பாப்பாகிட்ட குடுத்துடுங்க."

நான் மிஷினைக் கையில் வாங்கினேன். மேலே, கீழே, பக்கவாட்டில் திருப்பினேன். தெரிந்தும் திருப்பினேன்.

"இதுல இருந்து எடுக்க வராதும்மா."

"பாப்பா அழும்னு பாக்கறீங்களா? அவகிட்ட சொல்லிட்டேன்."

"அதில்ல ஸ்டெல்லா. எடுக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. கேமும் மிஷினும் ஒண்ணுதான்."

"வேணாம்னு சொல்லாதீங்கண்ணா. அவரு கடசியா சொன்ன வார்த்த."

"வேணாம்னு சொல்லலம்மா. வராதுன்னு சொல்றேன்."

அவள் என்னை நம்பவில்லை. குழந்தைக்காக விட்டுக்கொடுத்து நல்ல பேச்சு பேசுகிறேன் என்று நினைத்தாள். "நீங்க படிச்சவரு, எப்டியாவது எடுத்துடுவீங்க" என்றாள். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. முதன்முதலில் ஓட்டையைக் காணோம் என்று கத்தியவன் நீ. பூட்டிக்கொண்டு இருக்கிறது என்று திட்டியவன் நீ. உனக்குத் தெரியாததா? மூச்சு முட்டும் நேரத்தில் பழைய கேசட்டு ஞாபகத்தில் பேசினாயா, இல்லை நான் எதையாவது செய்து எடுத்துவிடுவேன் என்று நிஜமாகவே நம்பினாயா? ஒருவேளை போகிற போக்கில் என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போனாயா? உன்னைக் கேட்க முடியாது. அன்று மிஷினை ஜெனி கையில் கொடுத்துவிட்டு, கேமை எடுக்க வழி பார்க்கிறேன் என்று ஸ்டெல்லாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வழி பார்த்தேன். அதே மாதிரி ஒரு மிஷினை சென்னையில் பழையதாக வாங்கினேன். உன் கணக்கில் நுழைந்தால் அந்தக் கேமை இதிலும் இறக்கிக்கொள்ளலாம். நீ சொன்ன அந்த 'மேலே' அது இன்னும் இருக்கிறது. நுழைய பாஸ்வேர்டு வேண்டும். அது உன்னோடு போய்விட்டது. முருகனைத் தேடிப் போனேன். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் அவன் இப்போது செல்போன் கவர் விற்கிறான். "நான் தொறந்து குடுத்ததோட சரிண்ணா, பாஸ்வேர்டை அவரேதான் மாத்திக்கினாரு" என்றான். கம்பெனிக்குப் போன் செய்தேன். கணக்கை மீட்க வேண்டுமென்றால் திறக்கும்போது கொடுத்த பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண், இங்கிலீஷில்.

பிறந்த தேதி! அதைவிட வேறு எதையாவது கேட்டிருக்கலாம். பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று ஹெட்மாஸ்டர் உனக்கு ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிட்டார். நம் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தானே. அதைச் சொன்னேன். பொருந்தவில்லை. உன் அம்மாவிடம் ஓடினேன். "வேளாங்கண்ணி கொடியேத்தத்து அன்னிக்குப் பொறந்தான். நர்ஸு நானு, எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொன்னார். அதுவும் பொருந்தவில்லை. முருகனோ தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு தட்டிடுவேன்ணா, வருசம் மட்டும் அப்ப கைக்கு வந்தது" என்றான். கைக்கு வந்த வருடத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்? ஒன்றைச் சொன்னேன். தவறு. பாதுகாப்புக்காகக் கணக்கை மூடிவிட்டதாகச் சொன்னாள். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு? அவர் இறந்துவிட்டார் அம்மா, சான்றிதழ் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண் வருந்துவதாகச் சொன்னாள். நிஜமாகவே வருந்தினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணக்கு வைத்திருப்பவரே பேச வேண்டும் என்றாள். அவர் பேசுவதாக இருந்தால் எனக்கு இந்தக் கேமே வேண்டாம் என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஸ்டெல்லாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? நீ வாங்கிய சைக்கிள் உன் மச்சானுக்குப் போகும், கேம் மட்டும் உன்னோடு செத்துப்போகும் என்றா? முயற்சி செய்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் இன்னொரு செய்தி வந்தது. பழசாகிவிட்டதென்று அந்த வகை மிஷினுக்குக் கேம் விற்கும் கடையையே மூடிவிட்டார்களாம். இனி பாஸ்வேர்டு கிடைத்தாலும் இறக்க முடியாது. நான் வாங்கிய மிஷின் வெறும் கூடாக இருக்கிறது. உலகத்திலேயே நாம் ஆடிய அந்த ஆட்டம், நாம் நிறுத்திய அந்தக் கதவு, ஜெனி கையில் இருந்த ஒரே மிஷினில் மட்டும்தான் மிஞ்சியது.

ஜெனி பொறுப்பான பிள்ளை. அப்பாவின் வரியை அவள் தொடவில்லை, வேறு வரியில் தன் ஆட்டத்தை ஆரம்பித்து ஆடினாள். நான் திண்டிவனம் வரும்போதெல்லாம், "மாமா, உங்க கேம் பத்தரமா கீது, வந்து பாத்துக்கங்க" என்று திறந்து காட்டுவாள். கதவுக்கு முன்னால் நம் ஆள் வாளைத் தோளில் வைத்து நிற்பான். பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு தரம்கூட ஆடவில்லை. தனியாக முடிக்கக் கூடாது என்ற சட்டம் ஒரு பக்கம். தோற்றுவிடுவேனோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

போன வருடம் பேட்டரி உப்பி, சார்ஜரில் போட்டால் மட்டும் எரிய ஆரம்பித்தது. பிறகு ஒரு நாள் திரை வெளுத்துப் போனது. பாண்டிச்சேரியில் நாலு கடை, சென்னையில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். "போர்டு போயிடுச்சி சார். உள்ள இருக்கறத வெளிய எடுத்தாலும் வேற மிஷின்ல ஓடாது, அந்த ஆளு கணக்குல பூட்டி இருக்கும்" என்றார்கள். துடைக்கப் பித்தளைப் பல் இல்லை, ஊதக்கூட ஒரு ஓட்டை இல்லை. மேஜை மேல் அதை வைத்துக்கொண்டு கையாலாகாதவனாக உட்கார்ந்திருந்தேன். பழுதானதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸ்டெல்லா வாங்க மறுத்துவிட்டாள். "இனிமே நீங்களே வெச்சிக்கங்கண்ணா. பாப்பாவும் சரின்னிட்டா. அவரு சொன்னது இப்பவாவது நடந்ததா இருக்கட்டும்." ஒன்றும் ஓடாத அந்தக் கூட்டை ஒரு துண்டில் சுற்றி என் பையில் வைத்தாள். இப்படியாக உன் கேம் எனக்குச் சேர்ந்தது.

ஜெனிக்கு இப்போது பன்னிரண்டு. உன் உயரம் வந்துகொண்டிருக்கிறது. அன்று பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் படியில் கால் வைத்தபோது கேட்டாள்.

"மாமா, நான் ஒரு வாட்டி அந்தக் கதவு வரைக்கும் என் லைன்ல போனேன். தொறந்தா அந்த ராட்சசன் ஒரே அடில சாவடிச்சிட்டான். எத்தினியோ வாட்டி போனேன், முடியல. அப்பா இருந்தா எப்டி அடிச்சிருப்பாரு?"

"தெரியலம்மா."

"நீங்கதான அவரு கூட ஆடினீங்க. எந்தப் பட்டனை அமுக்குவாரு?"

கண்டக்டர் விசில் ஊதினான். நான் படியிலேயே நின்றேன். அத்தனை நாள் உன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தேன், உன் வலது கை என் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஒரு முறைகூட நான் அதைப் பார்க்கவில்லை. என் கண் முழுக்கப் பாதை மேல்தான். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேமை எனக்கென்று விட்டுப் போனாய். என்னிடம் வந்து சேர்ந்தது இவ்வளவுதான்டா: கண்ணை மூடினால் என் இடது கட்டைவிரல் இன்றைக்கும் காட்டைக் கடந்து, பாலத்தில் தயங்கி, கோட்டைப் படியேறி, அந்தக் கதவு வரைக்கும் தவறாமல் நடக்கிறது. நடக்க மட்டும்தான் எனக்குத் தெரியும். அடிக்கிற கை உன்னுடையது.